தோழிக்கு வீட்டிலேயே சீனம். அவளோடு ஒரே வகுப்பில் சேரலாமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் பொருளியல் சேரப்போகிறேன். கூடவே மாண்டரின் சீனமும் படித்து, நான்காம் ஆண்டு முடிவதற்குள் சீன நாளிதழை வாசிக்கிற அளவுக்கு வர ஆசை. எங்கள் வீட்டில் தமிழ் மட்டும்தான். என்னோடு சேரும் தோழியின் வீட்டில் கான்டனீஸ் என்ற இன்னொரு சீன மொழி பேசுவார்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “ரெண்டு பேரும் முதல் வகுப்புலயே சேர்ந்துக்கலாம், எனக்கு ஈஸியா மார்க் வரும், உனக்கும் சொல்லித் தர்றேன்” என்கிறாள். சீனக் குடும்பத்துப் பிள்ளைகள் நடுவில் நான் ஈடுகொடுக்க முடியுமா? நான்கு ஆண்டுகளை எப்படித் திட்டமிடுவது?
– ஒரு வாசகி

பதில்: ஈடுகொடுக்க முடியும். ஆனால் உங்கள் தோழியின் யோசனையை ஏற்க வேண்டாம். அது உங்களைவிட அவருக்குத்தான் அதிக நஷ்டம்.

சீனக் குடும்பத்துப் பிள்ளைகள் என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டில் மாண்டரின் பேசி வளர்ந்தும் வாசிக்கத் தெரியாதவர்கள் உண்டு. உங்கள் தோழியைப் போலக் கான்டனீஸோ, ஹொக்கியன் போன்ற வேறு சீன மொழியோ பேசுகிறவர்கள் உண்டு. தாத்தா பாட்டியோடு மொழி நின்றுபோய், குடும்பப் பெயர் மட்டும் மிஞ்சியவர்களும் உண்டு. இந்தக் கடைசி வகையினர் உங்களைப் போலவே முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியவர்கள். ‘உனக்குத்தான் தெரிந்திருக்குமே’ என்ற பேச்சையும் கேட்க வேண்டியவர்கள். வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். பாட்டியோடு மணிக்கணக்கில் அரட்டை அடிக்கும் குழந்தை, தமிழ் நாளிதழின் தலைப்பு வரியில் தடுக்கி நிற்கும். அந்தக் குழந்தையை ‘அ, ஆ’விலிருந்து ‘இது மரம், அது வீடு’ வரை எல்லாவற்றையும் கற்பிக்கும் வகுப்பில் உட்கார வைத்தால் பாதி நேரம் வீண்.

இதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வகுப்பை இரண்டாகப் பிரிக்கின்றன. வீட்டிலேயே பேச்சு பழகிய ‘ஹெரிடேஜ்’ மாணவர்களுக்கு ஒரு பிரிவு. அங்கே வாசிப்பும் எழுத்தும்தான் முக்கியம். இரண்டு ஆண்டுப் பாடத்தை ஓர் ஆண்டில் முடித்துவிடுவதும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களின் பிரிவில் உச்சரிப்பிலிருந்து எல்லாம் நிதானமாகப் போகும். மூன்றாம் ஆண்டை ஒட்டி இரண்டு பிரிவும் ஒரே வகுப்பில் வந்து சேரும். உங்கள் திட்டத்தின் மையம் அந்த இடம்தான். அங்கே வந்து சேரும்போது உங்களுக்குக் காதும் வாயும் தயாராக இருக்க வேண்டும்; உங்கள் தோழிக்குக் கண்ணும் கையும் தயாராக இருக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளை இருவரும் வெவ்வேறு விதமாகச் செலவிட வேண்டியது அதற்காகத்தான்.

முதலில் உங்களுக்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் 5 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்தால் 150 மணி நேரம். நான்கு ஆண்டுக்கு 600. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் மாண்டரினை ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு மிகக் கடினமான மொழிகளின் வரிசையில் வைத்து, அலுவல் அளவுக்குத் தேர்ச்சி பெற 2,200 வகுப்பு நேரம் என்று கணக்கிட்டிருக்கிறது. வாராந்திர வகுப்பை மட்டும் நம்பினால் நாளிதழ் எட்டாது. இடைவெளியைக் கொஞ்சமாவது குறைப்பது கோடைக்காலத் தீவிரப் பயிற்சி. நாளுக்கு 4 மணி நேரம், வாரம் 5 நாள், 8 வாரம் என்றால் 160 மணி நேரம்; ஓர் ஆண்டு வகுப்புக்குச் சமம். மிடில்பெரி கல்லூரியின் கோடைப் பள்ளி போன்ற இடங்களில், படிக்கும் மொழியைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை என்று உறுதிமொழியே வாங்கிவிடுகிறார்கள்.

அந்தக் கோடையை இரண்டாம் ஆண்டு முடிவில் வையுங்கள். மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் பெய்ஜிங்கிலோ தைபேயிலோ படிக்கலாம் என்று பலர் ஆசைப்படுவார்கள். பொருளியல் மாணவிக்கு அது சிக்கல். எகனாமெட்ரிக்ஸ் போன்ற கட்டாயப் பாடங்கள் அந்த ஆண்டில்தான் வந்து குவியும். கோடை என்றால் மோதல் இல்லை. கிரெடிட் மாற்றித் தருவார்களா என்பதைப் போவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முதலாண்டிலேயே தொடங்கிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பல இடங்களில் முதல் நிலை வகுப்பு ஆண்டின் முதல் செமஸ்டரில் மட்டும்தான் தொடங்கும். அதைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போய்விடும். பிறகு மூன்றாம் ஆண்டு வகுப்பை நான்காம் ஆண்டில்தான் தொட முடியும்.

முதல் செமஸ்டரில் உச்சரிப்புக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். தமிழ் பேசுகிற உங்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் ‘பெய்ஜிங்’கின் முதல் எழுத்தான B-யைப் பார்த்ததும், ஆங்கிலப் பழக்கத்தில் ‘பஸ்’ என்பதன் முதல் ஒலியைப் போடுவோம். அது தவறு. ‘பல்’ என்று சொல்லும்போது வருகிற நம்முடைய பகரம்தான் சரி. தொல்லை P என்று எழுதும் அடுத்த ஒலியில் இருக்கிறது: அதே பகரத்தைக் காற்று வெடிக்கச் சொல்ல வேண்டும், அது தமிழில் இல்லை. வாய்க்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் ஒலிக்குக் காகிதம் அசையக் கூடாது, இரண்டாவதற்குப் படபடக்க வேண்டும். தகரத்துக்கும் ககரத்துக்கும் இதே பயிற்சிதான். தொனிகளும் அப்படியே. ஓர் அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதம்தான் தொனி; அது மாறினால் பொருளும் மாறும். ‘நி ஹாவ்’ என்பதில் இரண்டு அசையும் மூன்றாம் தொனி. அடுத்தடுத்து வருவதால் முதலாவது இரண்டாம் தொனியாக மாறிவிடும். மாண்டரின் வீட்டுப் பிள்ளைகள் இதைத் தெரியாமலே சரியாகச் செய்வார்கள். நீங்கள் தெரிந்து, நூறு முறை சொல்லி, பிறகு மறக்க வேண்டும்.

எழுத்துகளைக் கண்டு மிரள வேண்டாம். பெரும்பாலான சீன எழுத்துகளில் ஒரு பகுதி பொருளையும் இன்னொரு பகுதி ஒலியையும் காட்டும். ‘சிங்’ என்று ஒலிக்கும் ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்கு இடப்பக்கம் நீரைக் குறிக்கும் மூன்று துளிகளைச் சேர்த்தால் ‘தெளிவு’, சூரியனைச் சேர்த்தால் ‘வெயில் வானம்’, இதயத்தைச் சேர்த்தால் ‘உணர்வு’, பேச்சுக் குறியைச் சேர்த்தால் ‘தயவுசெய்து’. நான்கும் ‘சிங்’தான், தொனிதான் மாறும். உறுப்புகளைப் பழகிவிட்டால் ஒவ்வொரு எழுத்தையும் தனிப் படமாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

எழுத்தில் கோடுகளைக் குறைத்த எளிய வடிவமா, பழைய மரபு வடிவமா என்று துறையில் கேட்பார்கள். சீனாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எளிய வடிவம். தைவான், ஹாங்காங், மக்காவில் மரபு வடிவம். எழுத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதை மூன்றாம் ஆண்டில் வாசிக்கப் பழகினால் போதும்.

இனி உங்கள் தோழிக்கு. இதை அவரிடம் அப்படியே காட்டுங்கள். எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவுசெய்ய வைக்கும் பிளேஸ்மென்ட் டெஸ்ட்டில் தெரிந்ததை மறைக்காதீர்கள். நேர்முகத்தில் இரண்டு நிமிடம் பேசினாலே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும்; மறைத்து உட்காரும் ஆண்டில் நீங்கள் புதிதாகக் கற்கப்போவது மிகக் குறைவு, பக்கத்தில் முதன்முறையாக வாய் திறக்கிறவர்களும் உங்களைப் பார்த்து மிரள்வார்கள். அதே சமயம், வீட்டில் மாண்டரின் பேசுகிறவர்களின் வகுப்பும் உங்களுக்குச் சட்டெனப் பொருந்தாது. கான்டனீஸில் ஆறு தொனி, மாண்டரினில் நான்கு. சொல்வரிசையும் இடறும்: ‘நான் முதலில் போகிறேன்’ என்பதில் ‘முதலில்’ கான்டனீஸில் வினைக்குப் பின்னால் வரும், மாண்டரினில் முன்னால். சில பல்கலைக்கழகங்களில் கான்டனீஸ் பேசுகிறவர்களுக்கென்றே மாண்டரின் வகுப்பு இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் விடுமுறையிலேயே பின்யினையும் உச்சரிப்பையும் முடித்துக்கொண்டு ஹெரிடேஜ் பிரிவில் சேர அனுமதி கேளுங்கள். சாப்பாட்டு மேசையில் கேட்காத சொற்கள்தான் உங்கள் பாடம்: செய்தி, கட்டுரை, விண்ணப்பக் கடிதம். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு செவ்வியல் சீனம் ஒரு செமஸ்டராவது எடுங்கள். இன்றைய எழுத்து நடையில் அதன் சொற்சுருக்கம் நிறைய இருக்கிறது.

எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தகுதித் தேர்வைப் பற்றி இருவருக்குமே ஒரு வார்த்தை. சீனா 2021-இல் கொண்டுவந்த தரநிலையில் ஒன்பது நிலைகள், மொத்தம் 11,092 சொற்கள். உதவித்தொகையோ மேற்படிப்போ தேவைப்பட்டால் எழுதுங்கள். வகுப்பறைத் திட்டத்தை அதற்காக வளைக்காதீர்கள்.

தோழி உங்களுக்குச் சொல்லித் தருவதாகச் சொன்னது நல்ல மனசு. ஆனால் முதலாண்டில் அவரிடம் உச்சரிப்புக் கற்காதீர்கள். அவரே கான்டனீஸ் தொனியை விட்டு வெளியே வந்துகொண்டிருப்பார். ஒலிக்கு ஆசிரியரும் பதிவுகளும் போதும். இரண்டாம் ஆண்டிலிருந்து வாரம் ஒரு மாலை சேர்ந்து உட்காருங்கள்: ஒரு சிறு செய்தியை அவர் உரக்க வாசிக்கட்டும், நீங்கள் அதன் சாரத்தை மாண்டரினில் சொல்லுங்கள்.