இடதுகைப் பிள்ளைக்கு வலதுகை ரைபிள்: முதலில் கண், அப்புறம்தான் கடை

ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: “என் மகளுக்கு 14 வயது. எழுதுவது, பந்து எறிவது எல்லாம் இடது கையில்தான். ரைபிள் கிளப்பில் ஏர் ரைபிள் பழகுகிறாள். அங்கே இருப்பதெல்லாம் வலதுகை ரைபிள் என்பதால் வலது தோளில் வைத்தே சுடச் சொல்கிறார்கள். என்.சி.சி.யிலும் அப்படித்தான். அடுத்து 50 மீட்டர் பிரிவுக்குப் போக ஆசைப்படுகிறாள். இடதுகை போல்ட் ரைபிள் (தோட்டா போட இழுத்துத் தள்ளும் இரும்புத் தண்டான போல்ட் இடது பக்கம் உள்ளது) இல்லாமல் அவளால் மெடல் வாங்கவே முடியாது, ஜெர்மன் ரைபிள் ஒன்று வரவழைத்துத் தருகிறேன் என்று தெரிந்தவர் ஒருவர் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள், காசு செலவில்லை.

உங்கள் மகளின் எந்தக் கை பலம் என்று எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எந்தக் கண் முந்துகிறது என்று யாரும் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. குறி பார்ப்பது கண். நம் இரண்டு கண்ணில் ஒன்று பெரும்பாலும் தலைமை வகிக்கும். அது எழுதும் கையின் பக்கமே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சுவர்க் கடிகாரத்துக்கு ஐந்தாறு மீட்டர் தள்ளி அவளை நிற்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கட்டைவிரல் இடுக்கில் ஒரு சின்ன ஓட்டை விட வேண்டும். இரண்டு கண்ணும் திறந்தபடி அந்த ஓட்டை வழியாகக் கடிகாரத்தைப் பார்க்கட்டும். இப்போது இடது கண்ணை மட்டும் மூடச் சொல்லுங்கள். கடிகாரம் அப்படியே தெரிந்தால் வலது கண்தான் தலைமைக் கண். மறைந்து போனால் இடது கண். எதற்காகச் செய்கிறோம் என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகள் நமக்குப் பிடித்த விடையைத் தந்துவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுச் செய்யுங்கள். கண்ணாடி போடுகிறவளாக இருந்தால் கண்ணாடியோடு செய்யுங்கள். ஒரு கையால் விரல் நீட்டிக் காட்டும் பழைய சோதனை வேண்டாம், எந்தக் கையை நீட்டுகிறோமோ அது விடையைச் சாய்த்துவிடும்.

இடது கை, இடது கண் என்று வந்தால் வழி நேரானது. இன்றைக்கே இடது தோளுக்கு மாறட்டும். கோச் மறுத்தால் இந்தச் சோதனையை அவர் கண் முன்னாலேயே செய்து காட்டுங்கள்.

எல்லோரையும் வலது தோளில் வைக்கச் சொல்லும் பழக்கம் பட்டாளத்திலிருந்து வந்தது. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய் சுமந்த லீ என்ஃபீல்டு ரைபிளுக்குப் போல்ட் வலது பக்கம். முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் பயிற்சியில் நிமிடத்துக்கு 15 தோட்டா குறிபார்த்துச் சுட வேண்டும். அந்த வேகத்தில் போல்ட்டை இழுத்துத் தள்ள, ட்ரிகர் அழுத்தும் கையே போல்ட்டுக்கும் போக வேண்டும். அதனால் இடதுகைக்காரனையும் வலது தோளுக்குத் தள்ளினார்கள். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. உங்கள் மகள் சுடப்போவது ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் போட்டி. 50 மீட்டர் படுத்த நிலையில் 60 தோட்டாவுக்கு 50 நிமிடம் தருகிறார்கள். ஏர் ரைபிளில் 60 குண்டுக்கு 75 நிமிடம். வேகம் இங்கே பிரச்சினையே இல்லை. போட்டியும் துப்பாக்கியும் மாறிய பிறகும், “சொன்னதைச் செய்” என்று பிள்ளையின் தோளைத் திருப்பிவிடுகிற வழக்கம் மட்டும் போகவில்லை. பத்துப் பிள்ளைகளை நிற்கவைத்தால் ஒன்றாவது இடதுகையாக இருக்கும். அந்த ஒரு பிள்ளைக்கு ஒரு ரைபிள் வாங்கி வைக்க எந்த வருட பட்ஜெட்டிலும் இடம் வராது!

சரி, இடது தோளில் வலதுகை ரைபிளை வைத்தால் என்ன ஆகும்? ஏர் ரைபிளில் பெரிதாக ஒன்றும் ஆகாது. நின்று சுடுகிறோம், ஒவ்வொரு குண்டுக்கும் ரைபிளை ஸ்டாண்டில் இறக்கித்தான் போடுகிறோம். குண்டு போடத் திறக்கும் லீவர் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? அங்கே தொல்லை தருவது ஸ்டாக், அதாவது தோளிலும் கன்னத்திலும் பொருத்திப் பிடிக்கும் ரைபிளின் உடல் பகுதி. வலதுகைக்காரருக்கென்று செதுக்கிய மர ஸ்டாக்கில் கன்னம் சாய்க்கும் மேடு இடது பக்கம் இருக்கும், கைப்பிடி வலது உள்ளங்கைக்கு ஏற்றாற்போல் புடைத்திருக்கும். உங்கள் மகளின் கன்னம் ஸ்டாக்கின் வலது பக்கம் விழும், அங்கே சாய இடமே இருக்காது. அலுமினிய ஸ்டாக் உள்ள ரைபிள்கள் பலவற்றில் கன்னப் பலகையை நகர்த்தலாம், கைப்பிடியை மட்டும் இடதுகைக்கு வாங்கி மாற்றலாம். கிளப்பில் அப்படி ஒன்று இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஒரு வருடத்துக்கு அது போதும்.

50 மீட்டர் பாயிண்ட் டூ டூ (.22 அங்குலத் தோட்டா) ரைபிளில்தான் போல்ட் குறுக்கே வரும், அதுவும் படுத்துச் சுடும்போதுதான் அதிகம். வலதுகைக்காரர் படுத்திருக்கும்போது இடது கை ஸ்லிங் பட்டையில் கட்டப்பட்டு ரைபிளைத் தாங்கும். வலது கை போல்ட்டைத் திறக்கும், தோட்டா போடும், மூடும். உடம்பு அசையாது. இடதுகைக்காரருக்கு ஸ்லிங்கில் மாட்டியிருப்பது வலது கை. போல்ட் இருக்கும் பக்கத்துக் கை கட்டுண்டு கிடக்க, இடது கை ரைபிளின் மேல்வழியாகத் தாண்டிப் போய் போல்ட்டைப் பிடிக்க வேண்டும். அப்போது கன்னம் ஸ்டாக்கை விட்டு எழும், தோள் நழுவும். 50 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு முறையும் உடம்பைப் புதிதாக அமைத்துக்கொண்டால் அந்த வட்டத்துக்குள் திரும்பத் திரும்ப விழுமா? அன்ஷுட்ஸ் போன்ற கம்பெனிகள் இடதுகை போல்ட் ரைபிள் செய்வது இதற்காகத்தான். மணல் மூட்டை மேல் வைத்துச் சுடும் என்.சி.சி. பயிற்சியில் இந்தத் தொல்லை கிடையாது. மூட்டை ரைபிளைத் தாங்கும், சும்மா இருக்கும் வலது கை போல்ட்டைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு பாதுகாப்பு விஷயம், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இடது தோளில் வைக்கும்போது அவள் முகம் ரைபிளின் வலது பக்கம் இருக்கும். காலித் தோட்டா வெளியே வரும் வாய் அங்கேதான் திறக்கிறது. பாயிண்ட் டூ டூ தோட்டாவின் அடி விளிம்பு மெல்லியது. எப்போதாவது அது பிளந்தால் சூடான புகையும் துகளும் அந்த வாய் வழியாக வரும். பக்கவாட்டிலும் மறைப்பு உள்ள பாலிகார்பனேட் கண்ணாடி போடாமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது.

இனி, சோதனையில் இடது கை, வலது கண் என்று வந்தால்? இதை நிதானமாகப் படியுங்கள். பிள்ளைகள் வீணாவது இங்கேதான். ஒரு பக்கம் “இடதுகை, இடது தோளில்தான் வைக்க வேண்டும்” என்று வீட்டில் அடம்பிடிக்கிறார்கள், இன்னொரு பக்கம் கண்ணைச் சோதிக்காமலே “வலது தோள்தான்” என்று கோச் அதட்டுகிறார். உங்கள் மகள் ஆரம்ப நிலையில் இருப்பதால், அவளுக்கு வலது கண் தலைமை என்றால் வலது தோளிலேயே தொடர்வதுதான் என் ஆலோசனை. ரைபிளில் கை செய்யும் நுட்பமான வேலை ஒன்றே ஒன்று, ட்ரிகரை மெதுவாக அழுத்துவது. அதைப் பழக்கிவிடலாம். ஏர் ரைபிளில் குண்டு போடாமல் ட்ரிகர் மட்டும் அழுத்தும் வசதி இருந்தால், தினமும் கால் மணி நேரம் வெள்ளைச் சுவரைப் பார்த்து வலது விரலுக்குப் பழக்கம் கொடுக்கட்டும். சில மாதம் பிடிக்கும். அதற்குள் மதிப்பெண் ஏறவில்லை என்று யாரும் அவளைத் திட்டக் கூடாது.

ஆனால் வலது கண்ணில் பார்வை குறைவு என்றாலோ, இடது தோளில் ஏற்கெனவே வருடக்கணக்கில் சுட்டுப் பழகியிருந்தாலோ கதை வேறு. அப்போது இடது தோளிலேயே இருக்கட்டும், வலது கண்ணுக்கு முன்னால் பிளைண்டர் எனப்படும் சின்ன மறைப்பை வைக்கலாம். 30 மில்லிமீட்டர் அகலம் வரை சர்வதேச விதிகளில் அனுமதி உண்டு. வெள்ளை நிறத்தில், வெளிச்சம் ஊடுருவுவதாக இருந்தால் நல்லது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுடும் பழக்கம் மட்டும் வேண்டாம். முகத் தசை இழுத்து, திறந்த கண்ணும் சீக்கிரம் களைத்துவிடும். எதற்கும் முன்னால் கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இப்போது அட்வான்ஸ் கேட்கும் அந்தத் தெரிந்தவர். வெளிநாட்டு ரைபிளைச் சாதாரண ஆள் வரவழைத்து யாருக்கும் கொடுக்க முடியாது. தேசியப் போட்டியில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்து, இந்திய தேசிய ரைபிள் சங்கத்தின் வழியாக அங்கீகாரம் பெற்ற வீரர்களுக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். உங்கள் மகள் இன்னும் அந்தப் படிக்கு வரவில்லை. ஆகவே அவர் தரப்போவது வேறு ஒருவர் பெயரில் வந்த ரைபிளாக இருக்கலாம், அல்லது ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். “லைசென்ஸ் அவர் பேரிலேயே இருக்கட்டும், ரைபிளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். கேட்கவே கேட்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி ஜெயிலுக்குப் போகிற குற்றம், மாட்டுவது நீங்கள். லைசென்ஸுக்குப் பொதுவான வயது வரம்பு 21. இளம் விளையாட்டு வீரர்களுக்குத் தனி வழி உண்டு. அதை கிளப் வழியாக மாநில சங்கத்திடம் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

இன்னொரு கூட்டம் வரும். வலதுகை ரைபிளின் போல்ட் கைப்பிடியை அறுத்து இடது பக்கம் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள். தோட்டா வெடிக்கும்போது அழுத்தத்தைத் தாங்கும் இரும்பு அது. பக்குவமாகச் சூடேற்றிக் கெட்டிப்படுத்திய போல்ட்டில் வெல்டிங் வைத்தால் அந்தக் கெட்டித்தன்மை போய்விடும். அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிற பொருள் அது. லைசென்ஸ் இல்லாத பட்டறையில் துப்பாக்கியை மாற்றி அமைப்பதும் சட்டப்படி குற்றம்.

இவர்களால் எனக்கு வருகிற கோபத்தைவிட, இவர்களுக்கு இடம்விட்டு வைத்திருக்கும் ஏற்பாட்டின் மேல் வருகிற கோபம் அதிகம். மாவட்டத்துக்கு ஒரு இடதுகை ரைபிள் கிளப் ஆயுத அறையில் இருந்தால் இந்தப் புரோக்கர்களுக்கு வேலையே இல்லை. அந்த ஒன்றை வாங்க எழுதும் விண்ணப்பம் மேசை மேசையாகச் சுற்றுகிறது, அதற்குள் பிள்ளை பள்ளிக்கூடமே முடித்துவிடுகிறாள். உங்கள் கிளப்பில் இடதுகைப் பிள்ளைகள் இன்னும் யார் யார் என்று கேளுங்கள். மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தனி ஆள் கேட்பதைவிட வேகமாக நகரும். கொடுத்த மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது ஜாக்கெட். அதுவும் தோள் முடிவான பிறகுதான். ஷூட்டிங் ஜாக்கெட்டுக்கும் வலது, இடது உண்டு. தோளில் வைக்கும் ஒட்டுத்துணியும் ஸ்லிங் மாட்டும் இடமும் பக்கம் மாறும். “இரண்டுக்கும் ஒரே ஜாக்கெட்தான்” என்று விற்கப் பார்ப்பார்கள். போட்டுப் பார்த்து, ரைபிளைத் தோளில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கையுறையும் ரைபிளைத் தாங்கும் கைக்குத்தான், ட்ரிகர் கைக்கு இல்லை. இடது தோள் என்றால் வலது கைக்கு வாங்க வேண்டும்.