'மூட் பாயிண்ட்' என்றால் பேசணுமா, விடணுமா?

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டில் எந்த டேட்டாபேஸை எடுப்பது என்று கேட்டு அமெரிக்க வாடிக்கையாளருக்கு மெயில் போட்டோம். 'தட்ஸ் எ மூட் பாயிண்ட் (moot point) நவ்' என்று பதில் வந்தது. அகராதியில் 'விவாதத்துக்குரியது' என்று இருந்ததால் இரண்டையும் ஒப்பிட்டு நீளமாக ஓர் அறிக்கை அனுப்பினேன். எரிச்சலாகிவிட்டார்கள். சட்டம் படிக்கும் என் தங்கை கல்லூரியில் 'மூட் கோர்ட்' இருக்கிறது என்கிறாள். எல்லாம் ஒரே சொல்லா?

பதில்: ஒரே சொல்தான். உங்கள் அகராதி சொன்னதும் சரி, ஆனால் அது பிரிட்டிஷ் வழக்கு. உங்கள் வாடிக்கையாளர் சொன்னது அமெரிக்க வழக்கு: 'இனி அதைப் பேசிப் பயனில்லை'. அநேகமாக டேட்டாபேஸை அவர்களே முடிவு செய்திருப்பார்கள், அல்லது அந்தப் பகுதியே திட்டத்திலிருந்து போயிருக்கும். கடைசியில் இருந்த அந்த 'நவ்' நல்ல துப்பு. முன்பு பேச வேண்டியிருந்தது, இப்போது இல்லை என்று அது காட்டிக்கொடுக்கிறது.

பேச வேண்டிய விஷயம், பேச வேண்டாத விஷயம் இரண்டுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பழைய ஆங்கிலத்தில் இது ஊர்க்கூட்டம். ஊர் வழக்குகளும் அங்கேதான் தீரும். இங்கிலாந்தின் கெசிக், ஆல்ட்பரோ ஊர்களில் 'மூட் ஹால்' என்ற பழைய கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டியது என்பதிலிருந்து 'விவாதத்துக்குரியது' வந்தது. லண்டனில் வக்கீல்களைப் பழக்கிய 'இன்ஸ் ஆஃப் கோர்ட்' விடுதிகளில் மாணவர்கள் கற்பனை வழக்கை எடுத்து வாதாடிப் பழகுவதற்கும் அதே பெயர். உங்கள் தங்கையின் மூட் கோர்ட் அந்த வழியில் வந்தது. நம் பத்திரிகைகள் மாதிரி நீதிமன்றம் என்று எழுதுகின்றன. அதில் யார் ஜெயித்தாலும் யாருக்கும் நிலம் கைமாறாது, தண்டனை கிடையாது. தீர்ப்பால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற அந்த அம்சத்தைத்தான் அமெரிக்கர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அங்கே இது நீதிமன்றச் சொல்லாகவே ஊன்றிவிட்டது. மார்க்கோ டிஃபூனிஸ் என்ற மாணவர் 1971-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் தனக்கு இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் சேர்த்துக்கொள்ளச் சொன்னது, படிக்கத் தொடங்கிவிட்டார். வழக்கு மேலே போய் 1974-இல் உச்ச நீதிமன்றம் விசாரித்தபோது அவர் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். தீர்ப்பு எப்படி வந்தாலும் அவர் படித்து முடித்துவிடுவார். ஆகவே வழக்கு 'மூட்' என்று சொல்லி, மாணவர் சேர்க்கையில் இனம் பார்த்துச் சலுகை தருவது சரியா தவறா என்ற, அவர் கிளப்பிய பெரிய கேள்விக்குள் போகாமலே நீதிபதிகள் விட்டுவிட்டார்கள். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான்.

நம் நீதிமன்றங்கள் இந்த இடத்தில் 'இன்ஃப்ரக்சுவஸ்' என்கிற சொல்லைப் போடும். மனு பயனற்றுப் போனதால் தள்ளுபடி என்று செய்தியில் படிப்பீர்களே, அதுதான். ஆனால் 'மூட் கொஸ்டின்' என்று ஓர் இந்திய நீதிபதி எழுதினால், பெரும்பாலும் இந்த வழக்கில் தீர்க்க வேண்டிய முக்கியக் கேள்வியே இதுதான் என்று அர்த்தம்! அமெரிக்க வக்கீல் ஒருவர் அந்த வரியைப் படித்தால் திகைத்துத்தான் போவார்.

போதாததற்கு வினைச்சொல் வேறு. 'ஃபிளைஓவர் மூட்டட்' என்று இங்கே ஆங்கிலப் பத்திரிகை தலைப்புப் போட்டால், மேம்பாலம் கட்டும் யோசனையை யாரோ முன்வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. பாலம் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். எழுதியவர் அமெரிக்கர் என்றால் 'பேச்சு முடிந்தது' என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'மேக்ஸ் இட் மூட்', 'ரெண்டர்ஸ் இட் மூட்' என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். பிரிட்டன்காரர் எழுதினால் முன்னும் பின்னும் படித்துப் பாருங்கள். அங்கும் இப்போது இரண்டு அர்த்தமும் கலந்துவிட்டது. அப்படியும் பிடிபடவில்லை என்றால், 'முடிவாகிவிட்டதா, இன்னும் பேசலாமா' என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். அறிக்கை எழுதுவதைவிட அது சுலபம்.

நீங்கள் எழுதும்போது இந்தச் சொல்லே வேண்டாம் என்பது என் கருத்து. பேச வேண்டியது என்றால் 'ஓபன் கொஸ்டின்', பேசிப் பயனில்லை என்றால் 'நோ லாங்கர் ரெலவன்ட்' என்று போடுங்கள். எந்த நாட்டுக்காரருக்கும் புரியும். மீட்டிங்கில் சொல்ல நேர்ந்தால் 'மூட்' என்றே சொல்லுங்கள், 'பூட்' போல. 'மியூட் பாயிண்ட்' என்று ஆங்கிலேயர்களே தவறாகச் சொல்வதுண்டு. ஆன்லைன் மீட்டிங்கில் அப்படிச் சொன்னால் யாராவது மைக்கை அணைத்துவிடப் போகிறார்கள்.