முதல் டிராக் டேவுக்குக் காரைத் தயார்செய்வது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் டிராக் டே பற்றி வந்த கடிதங்களிலிருந்து ஐந்தை எடுத்து இந்த முறை பதில் எழுதியிருக்கிறேன். இவை அனைத்தும் போட்டியில் இறங்காத, அன்றாடம் அலுவலகம் சென்று வரும் காரையே தடத்துக்கும் கொண்டு செல்ல விரும்புகிறவர்களுக்கானவை.

கேள்வி: ஐயா, என்னிடம் ஆறு ஆண்டு பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கிறது, 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் முதன்முறையாக ஓட்டப் போகிறேன். இதற்கென 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். இசியூ ரீமேப் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் அமைப்பை மாற்றுவது), பெரிய ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் என்று நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்கலாம்?
– வாசகர், தாம்பரம்

பதில்: அந்தத் தொகையில் ஒரு ரூபாயைக்கூட இன்ஜினின் சக்தியைக் கூட்டச் செலவிடாதீர்கள். சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்டது. அங்கே முதன்முறை ஓட்டுகிறவர், நேர்ப்பகுதியில் கூடுதலாகக் கிடைக்கும் ஐந்து பத்துக் கிலோமீட்டர் வேகத்தால் எதையும் கற்றுக்கொள்வதில்லை. அந்த வேகத்தை அடுத்த வளைவுக்கு முன் குறைக்கும் சுமைதான் பிரேக்கின் தலையில் ஏறுகிறது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் சிறிய இன்ஜினைப் பொருத்தி ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்தார். அவற்றில் ஓட்டிப் பழகியவர்கள் பலர் பின்னாளில் நல்ல பந்தய வீரர்கள் ஆனார்கள். உங்கள் ஸ்விஃப்டில் இருக்கும் இன்ஜின் அதைவிட எவ்வளவோ பெரியது. முதல் ஆண்டுக்கு அது தாராளமாகப் போதும்.

சாலைக்கென்று செய்யப்பட்ட காரில் தடத்தில் முதலில் தளர்ந்துபோவது பிரேக். ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள ஒரு கார் 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70 கிலோமீட்டருக்கு இறங்கும்போது, வேகம் பாதிதான் குறைகிறது என்றாலும், இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு வெளியேறியாக வேண்டும். அதில் பெரும்பகுதி பிரேக்குகளில்தான் வெப்பமாக இறங்குகிறது. ஏறத்தாழ இரண்டு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைக்கப் போதுமான அந்த வெப்பம் மூன்று நான்கு நொடிகளுக்குள் வந்து சேர்கிறது. முன்சக்கர டிஸ்க்குகளுக்கே அதில் பெரும்பங்கு. நெடுஞ்சாலையில் இப்படி ஒருமுறை அழுத்திவிட்டால் அடுத்த முறைக்குள் ஆறுவதற்கு அவகாசம் கிடைக்கும். தடத்தில் ஒரே சுற்றில் பலமுறை, சுற்றுக்குப் பின் சுற்றாக, இதே வேலை நடக்கிறது.

ஆகவே முதல் செலவு பிரேக் ஆயில். இது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் திரவம். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் அதே விதி 155 டிகிரியோடு நின்றுவிடுகிறது. டாட் 3 வகைக்கு இந்த எண்கள் 205, 140. டாட் 5.1 வகைக்கு 260, 180. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆயிலை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். அதனால் பெடல் பஞ்சுபோல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

இதை நான் ஏட்டில் படித்து எழுதவில்லை. என் முதல் டிராக் டேவின் ஐந்தாவது சுற்றில் பெடல் அப்படியே உள்ளே போனது. திரும்பத் திரும்ப மிதித்து, கியரைக் குறைத்து, வளைவுக்கு வெளியே இருந்த மண்வெளியில் வண்டியை நிறுத்தினேன். ஒரு மாதத்துக்கு முன் சர்வீஸ் செய்த பட்டறையின் பில்லில் பிரேக் ஆயில் மாற்றியதாக எழுதிப் பணமும் வாங்கியிருந்தார்கள். பிட்டுக்கு (தடத்தின் ஓரத்தில் வண்டிகள் வந்து நிற்கும் இடம்) வந்து மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே டிகாஷன் நிறத்தில் பழைய ஆயில்தான் இருந்தது. அன்றிலிருந்து இந்த ஒரு வேலையை நான் பக்கத்தில் நின்று பார்க்காமல் செய்யவிடுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். புதிய டாட் 4 அல்லது டாட் 5.1 ஆயிலை முத்திரை பிரிக்காத டப்பாவாக வாங்கி, நான்கு சக்கரங்களிலும் பழையது முழுவதும் வெளியேறித் தெளிந்த ஆயில் வரும்வரை ஏர் எடுக்க, அதாவது குழாயிலுள்ள காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். பாதி பயன்படுத்தி மூடி வைத்த டப்பா வேண்டாம். டாட் 5 என்று மட்டும் அச்சிட்டிருப்பது சிலிக்கான் வகை. அது மற்றவற்றோடு சேராது, உங்கள் காருக்கும் அது உரியதன்று.

அடுத்தது பிரேக் பேடு, அதாவது டிஸ்க்கை அழுத்தி உராயும் கட்டை. பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் முன் பேடுகளை மாற்றிவிடுங்கள். தேய்ந்த பேடு வெப்பத்தை விரைவாக காலிப்பருக்கும் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பகுதி) ஆயிலுக்கும் கடத்தும். டிராக் டேவுக்கு முந்தைய நாள் மாற்றுவது தவறு. புதிய பேடு டிஸ்க்கோடு பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் சாலையில் ஓட வேண்டும். தடத்தில் பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால், ஆயில் கொதிக்கவில்லை, பேடு சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது என்று பொருள். பெடல் எப்படிக் கெட்டாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வேகத்தைக் குறைத்து, அந்தச் சுற்றோடு பிட்டுக்குத் திரும்புங்கள்.

இவற்றோடு புதிய இன்ஜின் ஆயில், கூலன்ட் குழாய்களில் கசிவு இல்லை என்ற உறுதி, வீல் அலைன்மென்ட் ஆகியவற்றையும் முடித்தால் உங்கள் தொகையில் பெரும்பகுதி மிஞ்சும். மிஞ்சியதை அடுத்த டிராக் டேவின் கட்டணத்துக்கும், உடன் அமர்ந்து சொல்லித்தரும் பயிற்சியாளருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை வெட்டி உயரத்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறைக்கு மறுபடி போகாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவக்கூடும். அது நழுவும் இடம் பெரும்பாலும் மேடு பள்ளம் உள்ள வளைவாகத்தான் இருக்கும்.

கேள்வி: டிராக் டேவுக்கு அகலமான டயர் மாற்ற வேண்டுமா? காற்று எவ்வளவு வைக்க வேண்டும்? நைட்ரஜன் அவசியமா?
– வாசகர், ஓசூர்

பதில்: தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே நல்ல டயர் இருந்தால் போதும். நல்ல டயர் என்பதற்கு முதல் அளவுகோல் வயது. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்து ஆண்டு தாண்டிய டயரில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகள்) எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும்; அதை நம்பித் தடத்தில் இறங்க வேண்டாம். பக்கச்சுவரில் வெடிப்போ வீக்கமோ இருந்தாலும் அப்படியே. வேக எழுத்தையும் பாருங்கள்: எஸ் என்றால் 180 கிலோமீட்டர், டி என்றால் 190, எச் என்றால் 210 வரை தாங்கும்.

காற்றில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கு உரியது. சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டைவரை ஓட்டி வந்து, வழியில் பெட்ரோல் பங்கில் அந்த அளவுக்குச் சரிசெய்தால், ஏற்கெனவே சூடேறிய டயரில் காற்றைக் குறைத்தவர் ஆகிறீர்கள். டயருக்குள் வெப்பம் 10 டிகிரி கூடினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். தடத்தில் நான்கைந்து சுற்று ஓடியதும் ஐந்து பிஎஸ்ஐ ஏறியிருப்பது இயல்பு. எனவே கையடக்கமான அளவுமானி ஒன்று வாங்கி, புறப்படும் முன் அதிகாலையில் வீட்டிலேயே குறிப்பிட்ட அளவுக்கு வையுங்கள். முதல் செஷன் (ஒரு தடவை தடத்தில் இறங்கி ஓட்டும் நேரம்) முடிந்து வந்தவுடன் நான்கையும் அளந்து குறித்துக்கொண்டு, தேவைக்குமேல் ஏறியதை மட்டும் சிறிது சிறிதாக வெளியேற்றுங்கள். டயரின் தோள்பகுதியில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தால், அது எதுவரை அழிந்திருக்கிறது என்பது காற்று கூடுதலா குறைவா என்பதைக் காட்டும்: கோடு பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் டயர் மடிகிறது, காற்று போதவில்லை. வீடு திரும்பும் முன் ஆறிய டயரில் மீண்டும் பழைய அளவுக்கு ஏற்ற மறக்காதீர்கள்.

நைட்ரஜன் தேவையில்லை.

கேள்வி: தடத்தில் வண்டி சேதமானால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?
– வாசகர், மதுரை

பதில்: கிடைக்காது என்று எண்ணிக்கொண்டே செல்லுங்கள். நம் நாட்டில் தனியார் கார்களுக்கான வழக்கமான பாலிசியில், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, வாகன உறுதிச் சோதனை போன்ற பயன்பாடுகள் விலக்கப்பட்டிருக்கின்றன. டிராக் டே போட்டி ஆகாது என்று வாதிட இடமுண்டு என்றாலும், சேதம் நேர்ந்த பிறகு வாதிடுவதைவிட, முன்கூட்டியே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு எழுத்திலேயே பதில் பெறுவது மேல். கடனில் வாங்கி இன்னும் தவணை கட்டிவரும் காராக இருந்தால் இந்தக் கேள்வியை வீட்டாரோடு அமர்ந்து பேசி முடிவெடுங்கள்.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 20 வயது. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் எங்கள் வீட்டுக் காரை ஓட்ட அனுமதி கேட்கிறான். அதே காரில்தான் என் மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம். வண்டி கெட்டுவிடாதா? அவனுக்கு ஆபத்து இல்லையா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: அம்மா, தங்கள் கவலை முற்றிலும் நியாயமானது. ஆபத்தே இல்லை என்று நான் எழுதமாட்டேன். ஆனால் எதிரே லாரியோ, குறுக்கே மாடோ, தெருவிளக்கில்லாத திருப்பமோ இல்லாத இடத்தில், கொடி காட்டும் பணியாளர்களும் ஆம்புலன்சும் காத்திருக்க, பகல் வெளிச்சத்தில் ஓட்டுவது, வேக ஆசை கொண்ட ஓர் இளைஞன் நள்ளிரவில் நெடுஞ்சாலையில் அதைத் தீர்த்துக்கொள்வதைவிட மிகமிகப் பாதுகாப்பானது. 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம், முன்பு குறிப்பிட்ட கரிவரதனின் நினைவாகப் பெயர் பெற்றது. தொடக்கநிலையினர் பழக அது நல்ல இடம்.

வண்டியைப் பொறுத்தவரை, ஒழுங்காகப் பராமரித்த கார் நிதானமாக ஓட்டிய ஒரு டிராக் டேவால் கெடுவதில்லை. பேடும் டயரும் பல மாத ஓட்டத்துக்குச் சமமாகத் தேயும். பெட்ரோல் வழக்கத்தைவிட வெகு வேகமாகத் தீரும். ஆனால் நீங்கள் அனுமதிக்கும் முன் அவனிடம் சில நிபந்தனைகள் வையுங்கள். பிரேக் ஆயிலைத் தன் பொறுப்பில் மாற்ற வேண்டும். ஏபிஎஸ், ஈஎஸ்பி போன்ற காப்பு வசதிகள் எதையும் அணைக்கக் கூடாது. முகம் முழுவதும் மூடும் நல்ல ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை, மெல்லிய அடிப்பாகம் கொண்ட மூடிய ஷூ வேண்டும். முதல் செஷனில் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். மறுநாள் காலை வண்டியை மெக்கானிக்கிடம் காட்டிப் பார்த்த பிறகுதான் பாட்டியை அதில் ஏற்ற வேண்டும். இவற்றுக்கு முகம் சுளிக்காமல் சம்மதிக்கிற பிள்ளை தடத்திலும் சொன்னபடி நடப்பான் என்பது நான் பார்த்து அறிந்தது. மருத்துவமனைக்குக் கட்டாயம் போக வேண்டிய தேதி அந்த வாரத்தில் இருந்தால் மட்டும் வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, செஷன்களுக்கு இடையில் காருக்கு என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், வேலூர்

பதில்: முதலில் காரைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், குடை, ஓட்டுநர் பக்கத்து மிதியடி, டேஷ்போர்டில் வைத்திருக்கும் பிள்ளையார் சிலை, எல்லாவற்றையும் எடுத்து ஒரு பெட்டியில் வையுங்கள். உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கும் ஒரு பாட்டில் போதும், அதுவரை செய்த எல்லாத் தயாரிப்பையும் வீணாக்க. இழுவைக் கொக்கியை மட்டும் எடுத்து முன் பம்பரில் திருகி வையுங்கள். வண்டி நின்றுபோனால் உங்களை இழுத்துவருபவர்கள் அதைத்தான் தேடுவார்கள். பெட்ரோல் பாதி டேங்க் இருக்கட்டும். மிகவும் குறைந்தால் நீண்ட வளைவுகளில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி இன்ஜின் தடுமாறும். இன்ஜின் ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டு, காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். காலால் மிதித்து முறுக்கிய நட்டு, இறுக்கம் கூடிப்போய் போல்ட்டைச் சேதப்படுத்தும். ஒவ்வொரு செஷனுக்குப் பின்னும் சக்கரம் ஆறியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கடைசிச் சுற்றை எப்போதும் வண்டியின் சூடு ஆறும் சுற்றாக வைத்துக்கொண்டு, பிரேக்கை இயன்றவரை தொடாமல், உயர்ந்த கியரில் மெதுவாக ஓட்டி வாருங்கள். பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக்கை இழுக்கக் கூடாது. கொதிக்கும் டிரம்மில் லைனிங்கும், டிஸ்க்கில் பேடும் அழுந்தி நின்றால் அந்த இடம் மட்டும் சீரற்றுப்போய் அடுத்த முறை அதிர்வு கொடுக்கும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ வையுங்கள். டர்போ இன்ஜினாக இருந்தால், கியரில் விடும் முன் ஓரிரு நிமிடம் நிதானமாக ஓடவிட்டு அணையுங்கள். கூலன்ட் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள்.

மதிய உணவுக்குப் பிறகு சக்கர இடைவெளி வழியாக டார்ச் அடித்து முன் பேடுகளைப் பாருங்கள். உராயும் பொருள் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தெரிந்தால், மிச்சமுள்ள செஷன்களுக்குக் கட்டணம் கட்டியிருந்தாலும் அவற்றை விட்டுவிடுங்கள். இருட்டுவதற்குள் நெடுஞ்சாலையில் வேலூர்வரை திரும்பிச் செல்லவும் அதே பேடுகள்தான் வேண்டும்.