ஜுர மாத்திரையும் ஐந்தாண்டு வரியும்

அன்புள்ள ஐயா,

பீன்யாவில் ஒரு தொழிற்சாலைக்குக் கொள்முதல் பார்க்கிறேன். சீனாவிலிருந்து நாங்கள் இறக்கும் ரசாயனத்தின் மீதான ஆன்ட்டி டம்பிங் வரிக்கு (அடிமாட்டு விலையில் வந்து குவியும் வெளிநாட்டுச் சரக்கின் மீது போடும் கூடுதல் வரி) போன மாதத்தோடு ஐந்தாண்டு முடிந்தது. இன்னமும் வசூலிக்கிறார்கள். 'சன்செட் ரிவ்யூ நடக்கிறது', அதாவது வரியை மேலும் தொடரலாமா என்று ஆய்வு நடக்கிறது என்கிறார் கஸ்டம்ஸ் ஏஜென்ட். இத்தனை வருடமும் இறக்குமதி குறைவு, உள்ளூர்க் கம்பெனிக்கு நல்ல லாபம். பிறகு எதற்கு வரி? எல்லாம் பெரிய கம்பெனிகளின் செல்வாக்கு. வியட்நாம் வழியாக வரவழைக்கலாமா?

கே., பெங்களூரு

அன்புள்ள கே.,

வியட்நாமில் தயாரானதென்றால் தாராளமாக வாங்குங்கள். சீனச் சரக்கை அங்கே மூட்டை மாற்றுவது மோசடி. செல்வாக்குப் பேச்சை டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள். விசாரித்துப் பரிந்துரைப்பது வணிக அமைச்சகத்தின் டி.ஜி.டி.ஆர். என்ற வர்த்தகத் தீர்வு இயக்ககம்; வரி போடுவது நிதியமைச்சகம். பரிந்துரை வந்தும் போடாமல் விட்ட வழக்குகள் நிறைய.

வசூல் செல்லுமா என்பதற்கு ஒரு தேதி போதும். ஆய்வு நடக்கும்போது ஓராண்டு வரை வரியை நீட்டிக்கச் சுங்கக் கட்டணச் சட்டத்தின் 9ஏ(5) பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த நீட்டிப்பு அறிவிக்கை பழைய வரி காலாவதியாகும் முன்பே வந்திருக்க வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏஜென்டிடம் அந்த அறிவிக்கையைக் கேளுங்கள்.

இனி, உள்ளூர்க் கம்பெனிக்குப் பாதிப்பே இல்லையே, பிறகு எதற்கு வரி என்ற உங்கள் கேள்வி. பாரசிட்டமால் போட்டுவிட்டு ஜுரம் பார்த்தால் 98.6தான் காட்டும், ஐயா! ஆய்வு கேட்பது இன்றைய பாதிப்பை மட்டுமல்ல. வரியை எடுத்தால் டம்பிங்கும் பாதிப்பும் தொடருமா, திரும்புமா என்பதே கேள்வி. சீன ஆலைகளில் சும்மா கிடக்கும் உற்பத்தித்திறன், கையிருப்பு, மற்ற நாடுகளுக்கு அவர்கள் விற்கும் விலை, இதையெல்லாம் பார்ப்பார்கள். கணக்கு இப்படிப் போகும். சிஐஎஃப் விலை (சரக்கு, காப்பீடு, கப்பல் கூலி சேர்ந்தது) கிலோ 80 ரூபாய், சாதாரணச் சுங்கம் 6 என்று வைத்துக்கொள்வோம். இறங்கு விலை 86. ஆன்ட்டி டம்பிங் வரியை இதில் சேர்க்க மாட்டார்கள். உள்ளூர்க்காரரின் 'பாதிப்பில்லா விலை', அதாவது செலவும் நியாயமான லாபமும் கிடைக்கிற விலை, 95 என்றால் 9 ரூபாய் இடைவெளி; வரியை எடுத்தால் அவருக்கு அவ்வளவு அடி. அந்த 95-க்குள் போட்ட மூலதனத்துக்கு 22% வருமானம் உட்கார்ந்திருக்கிறது. அது அதிகம் என்பது என் கட்சி. சண்டை போடுவதானால் அங்கே போடுங்கள்.

போட்டீர்களா? எனக்குக் கடிதம் எழுதினீர்கள், டி.ஜி.டி.ஆருக்கு எழுதினீர்களா? ஆய்வின் தொடக்க அறிவிக்கை வந்தால் பொதுவாக 30 நாள் கெடு. இறக்குமதியாளர் வினாத்தாளை நிரப்பி, ரகசியப் பிரதி ஒன்று, பொதுப் பிரதி ஒன்று கொடுக்க வேண்டும். பொதுப் பிரதியில் எண்களை மறைத்து வெறும் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் போட்டால் போதாது. சுருக்கமோ, சுருக்க முடியாததற்குக் காரணமோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒதுக்கிவிடலாம். விசாரணையில் வாயால் சொன்னதையும் எழுத்தில் தராவிட்டால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். யாருமே பதில் தராவிட்டால் 'கையில் உள்ள தகவலை' வைத்து முடிப்பார்கள். கையில் இருப்பது பெரும்பாலும் மனுப்போட்ட உள்ளூர்க் கம்பெனி தந்ததுதான்.

உங்கள் தொழிலில் இதே சரக்கை இறக்குபவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். கெடு மிச்சமிருந்தால் இன்றே அவர்களைக் கூப்பிடுங்கள்.