சொந்த எண் வாங்கிவிட்டு விற்பனைக்குப் போங்கள்

கேள்வி: சோலார் யு.பி.எஸ். தயாரிக்கும் சிறிய கம்பெனி எங்களுடையது. நெட்வொர்க் வழியாகக் கண்காணிக்க எஸ்.என்.எம்.பி. கார்டு சேர்த்திருக்கிறோம். எங்கள் மிப் கோப்பில் (கருவி தரும் ஒவ்வொரு அளவீட்டுக்கும் எண்ணையும் அர்த்தத்தையும் சொல்லும் பட்டியல்), நிறுவன எண் வரவேண்டிய இடத்தில், ஒரு மாதிரிக் கோப்பில் பார்த்த 32473 என்ற எண்ணையே போட்டுவிட்டோம். நன்றாக வேலை செய்கிறது. சில பெட்டிகள் விற்றும் விட்டோம். இப்படியே தொடரலாமா?
— வாசகர், கோவை

பதில்: வேண்டாம், நிறுத்துங்கள். 32473 எந்தக் கம்பெனிக்கும் உரியதல்ல. விளக்கங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே 2009-இல் ஒதுக்கி வைத்த எண். வேறொருவரும் உங்களைப் போல அதையே எடுத்துப் போட்டிருந்தால், இரண்டு கருவிகளும் ஒரே இடத்துக்கு வரும்போது, திரையில் உங்கள் பேனலின் வாட் அவர்களுடைய ஃபேனின் வேகம் என்று தெரியலாம். ராத்திரி ஷிஃப்டில் இருப்பவர் அதை நம்பித்தான் முடிவெடுப்பார். எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை.

எஸ்.என்.எம்.பி. எண்கள் ஒரு மரம்போலக் கிளை கிளையாகப் பிரிந்தவை. அதில் 1.3.6.1.4.1 என்ற கிளையின் கீழ் நிறுவனத்துக்கு ஒரு எண் உண்டு. சிஸ்கோவுக்கு 9, மைக்ரோசாஃப்டுக்கு 311. இந்த எண்களை ஒதுக்கும் ஐயானா அமைப்பின் தளத்தில் விண்ணப்பித்தால் உங்களுக்கும் கிடைக்கும், கட்டணம் கிடையாது. நீங்கள் தரும் மின்னஞ்சல் முகவரி அவர்களுடைய பொதுப் பட்டியலில் எல்லோருக்கும் தெரியும், அதனால் ஊழியர் பெயரில் இல்லாமல் கம்பெனியின் பொது முகவரியைக் கொடுங்கள். ஒரு எண்ணே போதும். அதன் கீழே மாடல்களுக்கு ஒரு கிளை, அளவீடுகளுக்கு ஒரு கிளை, சோதனைக்கு ஒன்று என்று முதலிலேயே பிரித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் உங்கள் சொந்த எண்ணின் கீழே கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். பேட்டரி வெப்பநிலை, மீதமுள்ள நிமிடங்கள், சார்ஜ் சதவீதம் எல்லாம் 1994-இல் வந்த பொது யு.பி.எஸ். மிப்பிலேயே, ஆர்.எஃப்.சி. 1628 என்ற இணையத் தர ஆவணத்தில், இருக்கின்றன. அவற்றை அதே இடத்தில் கொடுத்தால் எந்தக் கண்காணிப்பு மென்பொருளும் உங்கள் பெட்டியைப் புரிந்துகொள்ளும். சோலார் பேனல் விவரங்கள் அதில் இல்லை. சொந்தக் கிளை அதற்குத்தான். தசமப் புள்ளி அனுப்ப வழியில்லை என்பதால் பொது மிப்பில் பேட்டரி வோல்டேஜைப் பத்தில் ஒரு வோல்ட் அலகில் வைத்திருக்கிறார்கள்: 483 என்றால் 48.3 வோல்ட். நீங்களும் அதே முறையில் போங்கள், அலகை மிப்பில் மறக்காமல் எழுதுங்கள்.

ஒரு எண்ணை வெளியிட்ட அப்புறம் அதன் அர்த்தத்தை மாற்றக்கூடாது. தேவையில்லை என்றால் 'வழக்கொழிந்தது' என்று குறித்துவிட்டு, புதியதற்கு அடுத்த எண்ணை எடுங்கள். ஏற்கெனவே விற்ற பெட்டிகளுக்கு ஃபர்ம்வேர் அப்டேட்டோடு புதிய மிப் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். எந்தத் தேதியில் எண் மாறுகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்களுடைய கிராஃப் அன்றைக்கே நின்றுவிடும்.