38 லட்சம் எஸ்டிமேட்... கூரைக்கு ஒன்றரை லட்சம்தானா?

கேள்வி: எனக்கு வயது 55. தனியார் நிறுவனத்தில் வேலை, 60-ல் ஓய்வு. கையில் வரும் சம்பளம் மாதம் 1.10 லட்சம். நங்கநல்லூரில் 1,800 சதுர அடி மனையில் அப்பா 1986-ல் கட்டிய வீட்டில் இருக்கிறோம். மாடியில் ஒரு சின்ன போர்ஷன், வாடகை 14,000 ரூபாய். அப்பா 2019-ல் காலமாகிவிட்டார், உயில் எழுதவில்லை. 78 வயது அம்மா எங்களோடு இருக்கிறார். கோவையில் இருக்கும் தங்கை, ‘எனக்கு ஒண்ணும் வேண்டாம்ணா’ என்று சொல்லிவிட்டாள். சமையலறைக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, மழைக்காலத்தில் ஒழுகுகிறது. வீட்டை மொத்தமாகப் புதுப்பிக்க ஒரு இன்டீரியர் கான்ட்ராக்டர் 38 லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார் (இணைத்துள்ளேன்). இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த மகனை இணை விண்ணப்பதாரராகச் சேர்த்தால், 15 ஆண்டுத் தவணையில் 25 லட்சம் கடன் தருவதாக வங்கியில் சொல்கிறார்கள், வரிச்சலுகையும் உண்டாம். எஃப்.டி. 14 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 22 லட்சம், பி.எஃப். 31 லட்சம் இருக்கிறது. இரண்டு வருடத்தில் மகளுக்குத் திருமணம் செய்ய வேண்டும். கடன் வாங்கிப் புதுப்பிக்கலாமா, இல்லை பேசாமல் பில்டரிடம் கொடுத்து ஃபிளாட் கட்டிக்கொள்ளலாமா? – வாசகர், நங்கநல்லூர்.

பதில்: எஸ்டிமேட்டையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. கேள்வியைவிட அதில்தான் விஷயம் அதிகம் இருக்கிறது.

ஃபால்ஸ் சீலிங்கும் விளக்குகளும் 3.5 லட்சம். முகப்பு எலிவேஷன் 3.5 லட்சம். அலமாரிகளும் டிவி யூனிட்டும் 5 லட்சம். மாடுலர் கிச்சன் 6 லட்சம். இருக்கிற மொசைக் தரையை மறைத்து டைல்ஸ் போட 5 லட்சம். இப்படியே இறங்கிக்கொண்டு வந்தால் பத்தாவது வரியில் ‘டெரஸ் வாட்டர் ப்ரூஃபிங் – 1.5 லட்சம்’ என்று இருக்கிறது. நீங்கள் எனக்கு எழுதியதற்கே காரணமான ஒழுகலுக்கு ஒரே ஒரு வரி. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘ஜிஎஸ்டி தனி’ என்றும் போட்டிருக்கிறார்கள். 18% சேர்த்தால் 38 லட்சம் என்பது 44.84 லட்சம் ஆகிவிடும். கவனித்தீர்களா?

கம்பி வெளியே தெரிகிறது என்றால் மொட்டை மாடியில் பதித்திருக்கும் தட்டையான ஓடும் (தட்டோடு) அதன் அடியில் இருக்கும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளமும் விட்டுப்போய், தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி சுற்றியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். உங்கள் சமையலறையில் பெயர்ந்து விழுவது அதுதான். மேலே ஒரு ரசாயனப் பூச்சு அடித்தால் புதிதாக இறங்கும் நீர் கொஞ்ச நாளைக்கு நிற்கலாம். உள்ளே பிடித்த துரு போகாது. கீழ்ப்பக்கம் தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்கென்று உள்ள பாலிமர் கலந்த சாந்தால் பூச வேண்டும். ரொம்ப மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். மேலே பழைய தட்டோட்டைப் பெயர்த்து, சரிவு பார்த்துப் புதிதாகப் போட வேண்டும். இதெல்லாம் ஒன்றரை லட்சத்தில் முடியாது. முடிகிறது என்று யாராவது சொன்னால் ஏதோ ஒன்றைச் செய்யாமல் விடப்போகிறார்.

இதைவிட எனக்குக் கவலை, அந்த ஃபால்ஸ் சீலிங். பழுதான தளத்துக்குக் கீழே ஜிப்சம் போர்டு மாட்டிவிட்டால் அடுத்த முறை காரை பெயர்வது உங்கள் கண்ணுக்கே தெரியாது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் உள்ள சுவரை இடித்து ‘ஓப்பன் கிச்சன்’ ஆக்குவதாகவும் எஸ்டிமேட்டில் இருக்கிறது. அந்தக் காலத்துச் சென்னை வீடுகள் பலவற்றில் தூண் கிடையாது. 9 அங்குலச் செங்கல் சுவர்தான் தளத்தையே தாங்குகிறது. உங்கள் வீட்டில் எது தாங்கும் சுவர், எது வெறும் தடுப்புச் சுவர் என்று சொல்ல வேண்டியவர் கட்டுமானப் பொறியாளர், டிசைனர் அல்ல. முதலில் அவரைக் கூப்பிட்டுத் தளத்தையும் சுவர்களையும் சோதித்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கான்ட்ராக்டர் கூட்டி வருகிறவர் வேண்டாம், நீங்களே பார்த்துப் பிடியுங்கள். அறைகளை மாற்றி அமைக்க ஆசை இருந்தால் ஓர் ஆர்க்கிடெக்டிடமும் வரைபடம் வாங்கலாம். கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கொடுக்கும் கட்டணத்தைச் செலவாக நினைக்காதீர்கள், எஸ்டிமேட்டில் அதைப்போல் பல மடங்கு குறையும்.

இனி பணத்துக்கு வருவோம். சென்னையில் பழைய தனி வீட்டுக்கு விலை பேச வருகிறவர் கேட்பது எத்தனை கிரவுண்டு, வாசலில் எத்தனை அடி ரோடு, பத்திரம் சுத்தமாக இருக்கிறதா என்பதைத்தான். கிச்சன் என்ன பிராண்டு என்று எவரும் கேட்பதில்லை. வாங்குகிறவரே இடிக்கத்தானே போகிறார். விலை ஏறுவது மனைக்கு. கட்டடத்தில் போடும் பணம், அதிலும் மரவேலையில் போடுவது, திரும்பி வராது. அதனால் ‘வீட்டு மதிப்பு கூடும் சார்’ என்கிற பேச்சை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். நீங்களும் அம்மாவும் இந்த வீட்டில் இருக்கப்போகிற வருடங்களுக்கு எது தேவையோ, அதற்கு மட்டும் செலவழியுங்கள்.

வங்கி சொல்லும் கடனை 9% வட்டி என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 25 லட்சத்துக்கு 15 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 25,360 ரூபாய். பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனால் ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு நீங்கள் ஓய்வுபெறும் அன்று சுமார் 20 லட்சம் இன்னும் பாக்கி இருக்கும். அதை யார் கட்டுவது? மகன்தான். அவர் பெயர் இந்தக் கடனில் இருக்கும்வரை, நாளைக்கு அவர் தனக்கென்று ஒரு வீடு வாங்கப் போனால் கிடைக்கும் கடன் அந்த அளவுக்குக் குறையும். அப்பா வீட்டு ஃபால்ஸ் சீலிங்குக்காக அந்தப் பையன் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

வரிச்சலுகை பற்றி வங்கியில் சொன்னது அரைகுறை. வீடு வாங்கவும் கட்டவும் எடுக்கும் கடனுக்குத்தான் ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டிக் கழிவு. குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க, புதுப்பிக்க எடுத்த கடனுக்கு 30,000 ரூபாய்தான் உச்சவரம்பு, அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால் மட்டும். திருப்பிக் கட்டும் அசலுக்கு வரிக் கழிவும் இல்லை. புதிய வரிமுறையில் இருந்தால் குடியிருக்கும் பகுதிக்கு ஒன்றும் கிடையாது. வாடகைக்கு விட்டிருக்கும் மாடிக்குச் செலவான கடனின் வட்டியை மட்டும் வாடகை வருமானத்தில் கழிக்கலாம். எனவே மாடிக்கான பில்களைத் தனியாக வையுங்கள். உண்மையில் எல்லா பில்லையுமே பத்திரப்படுத்துங்கள்: தளம், ஒயரிங், பைப் போன்று கட்டடத்தோடு சேர்ந்த மேம்பாட்டுச் செலவை, பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில் கழிக்க இடம் உண்டு.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அது அப்பா சம்பாதித்து வாங்கிய சொத்து, உயிலும் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. இன்றைய தேதியில் நீங்கள் போடும் ஒவ்வொரு மூன்று ரூபாயிலும் இரண்டு ரூபாய் மற்றவர்கள் பங்கில் போய் உட்காருகிறது. தங்கை சொன்னதை நான் சந்தேகப்படவில்லை. அவர் மனசு மாறாமலே இருக்கலாம். ஆனால் அவருடைய பிள்ளைகள் உங்களிடம் எதுவும் சொல்லவில்லையே! வாரிசுச் சான்றிதழ் வாங்கி, தங்கை தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1%, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000. அம்மா தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுப்பதா, உயில் எழுதுவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவர் இருக்கும்வரை தன் பங்கைக் கையில் வைத்திருப்பதில் தப்பே இல்லை. தங்கை வேண்டாம் என்றாலும் ஒரு கௌரவமான தொகையைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். முகப்பு எலிவேஷனை விட்டாலே 3.5 லட்சம் மிஞ்சுகிறதே.

சரி, எவ்வளவுக்குச் செய்யலாம்? என் கணக்கு இது. கூரையும் மொட்டை மாடியும் 3 லட்சம். ஒயரிங் 2.5 லட்சம், 1986-ல் போட்டது இரண்டு ஏசி, இண்டக்‌ஷன், கீசர் எல்லாம் தாங்காது, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம் போடச் சொல்லுங்கள். பைப் 1.5 லட்சம். இரண்டு குளியலறைக்கு 4 லட்சம். இதில் அம்மாவுடையதற்கு முதலிடம்: வழுக்காத டைல், கைப்பிடிக் கம்பி, தடுக்கி விழாதபடி வாசல்படி இல்லாத தரை, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு. 78 வயதில் ஒரு முறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் மருத்துவமனைச் செலவு இந்த 4 லட்சத்தை மிஞ்சிவிடலாம். சமையலறைக்கு, இருக்கிற கிரானைட் மேடையை வைத்துக்கொண்டே கீழே நல்ல பிளைவுட் கதவுகளும் இழுப்பறைகளும் போட 3 லட்சம். பெயின்டிங் 2 லட்சம். மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சும் இதிலேயே அடங்கும், மேலறையின் சித்திரை வெக்கை கொஞ்சம் குறையும். வாசலில் ரோடு உயர்ந்து தண்ணீர் உள்ளே வருகிறது என்றால் படியும் வடிகாலும் அரை லட்சம். பொறியாளர், வரைபடம் இன்னொரு அரை லட்சம். கூட்டினால் 17 லட்சம், வரியோடு 20 லட்சம். சுவரைத் திறந்த பிறகு எதுவும் வரலாம் என்பதால் 2 லட்சம் தனியாக ஒதுக்கி, 22 லட்சம் என்று வையுங்கள். மொசைக் தரையை பாலிஷ் போட்டு விட்டுவிடுங்கள். இன்று அந்தத் தரையைப் போடச் சொன்னால் ஆள் கிடைப்பதே கஷ்டம்.

22 லட்சத்துக்கு வழி: எஃப்.டி.யில் 6 லட்சத்தை அவசரத்துக்கு விட்டுவிட்டு 8 லட்சம் எடுங்கள். ஃபண்டிலிருந்து 6 லட்சம். பங்குச் சார்ந்த ஃபண்டாக இருந்தால் பாதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் எடுங்கள். நீண்டகால ஆதாயத்தில் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் 1.25 லட்சம் வரை வரி இல்லை, இரண்டு ஆண்டின் சலுகையும் கிடைத்துவிடும். மீதி 8 லட்சத்துக்கு மட்டும், மகனைச் சேர்க்காமல், நான்கு வருடத்துக்கு வீட்டுப் பழுதுபார்ப்புக் கடன் வாங்குங்கள். தவணை 19,900 ரூபாய் அளவில் வரும். மாடி வாடகை 14,000 போக, சம்பளத்திலிருந்து மாதம் சுமார் ஆறாயிரம்தான். 59 வயதில் கடன் முடிந்துவிடும். ஃபண்டில் மிஞ்சும் 16 லட்சம் மகள் கல்யாணத்துக்கு. இரண்டு வருடத்தில் தேவைப்படும் பணம் பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது, இப்போதிருந்தே படிப்படியாக எஃப்.டி.க்கு மாற்றுங்கள். பி.எஃப். பணத்தைத் தொடவே வேண்டாம். வீட்டுக்காக எடுக்க விதி இடம் கொடுக்கலாம், ஆனால் எடுத்ததைத் திரும்பப் போட வழி இல்லை. தனியார் வேலையில் உங்களுக்கு அதுதான் பென்ஷன்.

வேலையைத் தை மாதத்தில் தொடங்கி, மொட்டை மாடி வேலையைக் கோடைக்குள் முடியுங்கள். பணத்தை வேலை நடந்த அளவுக்குப் பிரித்துக் கொடுங்கள். அது முடிந்ததும் வரப்பு கட்டி இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்க்காமல் அந்தத் தவணையைக் கொடுக்காதீர்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை, ஐப்பசி கார்த்திகை மழை கழிந்த பிறகுதான் தருவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. சோலார் போடும் யோசனை இருந்தால் அதுவும் தளம் சரியான பிறகுதான். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரை உண்டு.

பில்டர் விஷயம். சாதாரணமாக மனையின் அளவைப்போல் 2 மடங்கு கட்ட அனுமதி கிடைக்கும் என்று கொண்டால், உங்கள் 1,800 சதுர அடியில் 3,600 சதுர அடி வரும். பாதிக்குப் பாதி என்று பேசினால் உங்கள் பக்கத்துக்கு இரண்டு சின்ன ஃபிளாட், அதிலும் அம்மாவுக்கும் தங்கைக்கும் பங்கு. கட்டி முடியும்வரை 78 வயது அம்மாவோடு வாடகை வீடு. கட்டட நிறைவுச் சான்றிதழ் வரும் ஆண்டில் மூலதன ஆதாய வரிக் கணக்கு. கைவசம் இருந்த தனி மனை, எல்லா ஃபிளாட்காரர்களுக்கும் பொதுவான மனையில் ஒரு பிரிக்கப்படாத பங்காக மாறிவிடும். இத்தனைக்கும் இப்போது அவசியம் இல்லை. மனை எங்கேயும் ஓடிப்போகாது, ஐந்து வருடம் கழித்தும் பில்டர்கள் வருவார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: தளத்தின் பெரும்பகுதியில் கம்பி அரித்துவிட்டது, பழுதுபார்த்துப் பயனில்லை என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தால், மேலே சொன்ன 22 லட்சத்தையும் போடாதீர்கள். அந்த அறிக்கையோடு மறுபடி எழுதுங்கள், கூட்டு ஒப்பந்தத்தில் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும் என்று அப்போது பார்ப்போம்.