தகரக் கூரை மழையைத் தாண்டி சைரன் கேட்குமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சைரனைப் பற்றித்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கை மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, ராத்திரியில் மழை பிடித்துக்கொண்டால் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யாருக்கும் தூக்கம் வருவதில்லை. பல தேயிலைத் தோட்டங்களில் இளைஞர்கள் காசு சேர்த்தாவது ஒரு எச்சரிக்கை சைரன் வைக்கலாம் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஆறாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் மேல் கணக்கில் (தோட்டத்தின் மேற்பிரிவில்) ஒரு எலக்ட்ரானிக் சைரன் வைக்கலாம் என்று பேசுகிறோம். விற்பவர் "120 டெசிபல், 2 கிலோமீட்டர் கேட்கும்" என்கிறார். பணியக் கணக்கு (கீழ்ப்பிரிவு) வரை கேட்குமா அண்ணா? – தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, டெசிபல் என்பது சத்தத்தின் அளவு. அந்த 120ஐ எங்கே நின்று அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். வெளியில் வைக்கும் சைரன்களுக்கு வழக்கமாக 100 அடி, அதாவது ஏறக்குறைய 30 மீட்டர் தள்ளி நின்று அளந்த கணக்கைத்தான் கொடுப்பார்கள். அங்கிருந்து தூரம் இரட்டிக்க இரட்டிக்க, ஒன்றுமே மறைக்காத வெட்டவெளியில்கூட 6 டெசிபல் குறையும். மரம், வீடு, மேடு பள்ளம் என்று வந்துவிட்டால் 10 டெசிபல் குறையும் என்று வைத்துத்தான் திட்டம் போடுகிறவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். அப்படியானால் 30 மீட்டரில் 120, 60இல் 110, 120இல் 100, 240இல் 90, 480இல் 80, ஒரு கிலோமீட்டரை நெருங்கும்போது 70. கேட்பதற்கு 70 மோசமில்லை, ரோட்டில் நின்றால் கேட்கும்.

ஆனால் மண் சரிகிற ராத்திரியில் யார் ரோட்டில் நிற்கிறார்கள்? எல்லாரும் தகரத்துக்குக் கீழே இருக்கிறார்கள். போன ஐப்பசியில் என் சித்தி வீட்டுக் காம்பராவில், அதாவது லயத்து அறையில் உட்கார்ந்து, மழை கொட்டும்போது போனில் ஒரு செயலியை வைத்துப் பார்த்தேன். போன் செயலி துல்லியமானதில்லை, இருந்தாலும் முள் 70க்கும் 80க்கும் நடுவிலேயே ஆடிக்கொண்டிருந்தது. எதிரில் இருந்த சித்தி பேசியது எனக்குக் கேட்கவில்லை, தேத்தண்ணிக் கோப்பையைக் கையால் காட்டித்தான் கேட்டார். சுற்றியிருக்கும் சத்தத்தைவிட 10 டெசிபலாவது கூட இருந்தால்தான் சைரன் சைரனாகக் காதில் விழும். அப்படியானால் காம்பராவுக்குள் 85 வேண்டும். சாத்திய கதவும் சுவரும் இன்னொரு 10ஐத் தின்றால் வெளியே 95 வேண்டும். மேலே உள்ள கணக்கில் 95 எங்கே வருகிறது என்று பாருங்கள், 200 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. விற்பவர் சொன்ன 2 கிலோமீட்டர் பொய் என்று சொல்ல வரவில்லை, அது காற்று அடங்கிய அமைதியான நாளில், வெளியில் நிற்கிற காதுக்குச் சொன்ன தூரம்.

இதைப் பெரிய சைரன் வாங்கிச் சரிக்கட்டவும் முடியாது. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான், 10 டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: மலை உச்சியில் ஒரு பெரியது வைப்பதைவிட, ஒவ்வொரு லயத் தொகுதிக்கும் பக்கத்தில் சின்னதாக ஒவ்வொன்று வைத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடிக்கும்படி ரேடியோவால் இணையுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். சோதனை அடிப்பதென்றால் எல்லாரும் விடியற்காலையில், பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகும் நேரத்தில்தான் வைப்பார்கள். வானம் தெளிந்த இரவுக்குப் பிறகு பள்ளத்தாக்கில் குளிர்காற்று கீழே தேங்கியிருக்கும், மேலே போகிற சத்தத்தை அது கீழ்ப்பக்கம் வளைத்து வெகுதூரம் கொண்டுபோகும். "ஆகா, அடுத்த தோட்டத்துக்கே கேட்டதே" என்று சந்தோஷப்படுவீர்கள். மழையும் காற்றுமாக இருக்கும் இரவில் அந்தக் குளிர்ந்த அடுக்கு கலைந்துபோயிருக்கும்.

நான் பேக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்துச் சங்கு மூன்று மலை தாண்டிக் கேட்கும். இப்போதைய சைரனில் சுற்றுகிற சக்கரமே இல்லை என்கிறார்கள். அப்புறம் சத்தம் எப்படி வருகிறது? – ஹட்டன் வாசகர்

ஐயா, நீங்கள் சொல்லும் மோட்டார் சைரனில் துவாரம் போட்ட உருளை ஒன்று, துவாரம் போட்ட கூட்டுக்குள் சுற்றும். காற்று வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு வெளியே வரும், வேகம் ஏற ஏறச் சுருதியும் ஏறும். 1819இல் பிரான்ஸைச் சேர்ந்த சார்ல்ஸ் கன்யார் த லா தூர் இந்த மாதிரிக் கருவி ஒன்றைச் செய்து அதற்கு சைரன் என்று பெயர் வைத்தார். அதன் குறை ஒன்றுதான், மோட்டாருக்குப் பெரிய கரண்ட் வேண்டும். மண் சரியும்போது முதலில் விழுவது கரண்ட் கம்பம்.

எலக்ட்ரானிக் சைரனில் ஒரு சின்னப் பலகை சுருதியை உண்டாக்கும், ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கும், டிரைவர் என்ற உறுப்புக்குள் காந்தத்தின் நடுவில் இருக்கும் கம்பிச்சுருள் ஒரு மெல்லிய தகட்டை அதிர வைக்கும். அதோடு விட்டால் சத்தம் பெரிதாக வராது. கொழுந்து மலையில் நின்றுகொண்டு எதிர்மலையில் இருப்பவரைக் கூப்பிடும்போது இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொள்கிறோம் இல்லையா, அந்த வேலையைத்தான் புனல் செய்கிறது. சின்னத் தகட்டின் அதிர்வை வெளியில் இருக்கும் பெரிய காற்றோடு படிப்படியாகச் சேர்த்துவிடுவது புனல்தான். அதன் வாய் எவ்வளவு அகலம் என்பதை அது போட வேண்டிய தாழ்ந்த சுருதிதான் தீர்மானிக்கும். விநாடிக்கு 500 அதிர்வு உள்ள சத்தத்தின் அலை ஏறக்குறைய 68 சென்டிமீட்டர் நீளம், அதற்கு உள்ளங்கை அகலப் புனல் போதாது. கீச்சென்ற சத்தத்துக்குச் சின்னப் புனல் போதும்தான், ஆனால் அதைக் காற்றும் மரங்களும் சீக்கிரம் உறிஞ்சிவிடும், வயதானவர்களின் காதுக்கும் எட்டாது. தாழ்ந்த சத்தம் மேட்டைச் சுற்றி வளைந்துகூடப் போகும். உங்கள் பழைய சங்கு மலை தாண்டியதன் ரகசியம் அதன் தடித்த குரலில்தான் இருக்கிறது.

இங்கே மலையகத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. பெரிய எலக்ட்ரானிக் சைரன்களில் புனல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அப்படி அடுக்கினால் சத்தம் மேலும் கீழும் சிதறாமல் தட்டையாக, பக்கவாட்டில் வெகுதூரம் போகும். சமதரைக்கும் கடற்கரைக்கும் அருமையான யோசனை. சுனாமிக்குப் பிறகு நம் கடலோரத்தில் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் வைத்தார்களே, அங்கே கோபுரமும் மக்களும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில். நம்முடைய ஊரில் கோபுரம் மேட்டில், லயம் 100 மீட்டர் பள்ளத்தில். சத்தம் நேரே எதிர்மலைக்குப் போகும், கீழே இருப்பவர்களின் தலைக்கு மேலேயே கடந்துபோய்விடும். புனலைச் சரித்துக் கீழ்நோக்கி வைக்கச் சொல்லுங்கள், அல்லது கம்பத்தையே லயத்தின் மட்டத்துக்கு இறக்குங்கள்.

சைரன் ஏன் ஏறி இறங்கி ஊளையிடுகிறது? ஒரே சத்தமாக அடித்தால் என்ன? – கொத்மலை வாசகி

ஒரே சுருதியில் அடித்தால், நேராக வரும் அலையும் சுவரிலோ மலையிலோ பட்டுத் திரும்பி வரும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அடித்து அமுக்கிவிடும். அந்த இடத்தில் உங்கள் கட்டில் இருந்தால் அவ்வளவுதான். சுருதி ஏறி இறங்கும்போது அந்த அமுங்கிய இடங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும், ஏதாவது ஒரு கணத்தில் எல்லாருக்கும் கேட்டுவிடும். மாறுகிற சத்தத்துக்குக் காதும் சட்டென்று விழிக்கும். உங்கள் பக்கத்தில் அணையின் வான்கதவு திறக்கும்போதும் சைரன் அடிப்பார்கள், ஆகவே மண்சரிவுக்கு வேறு மெட்டு கட்டாயம் வேண்டும். ஒன்று ஆற்றை விட்டு மேலே ஓடச் சொல்வது, மற்றது மேட்டுச் சரிவை விட்டு விலகச் சொல்வது, இரண்டும் குழம்பினால் ஆட்கள் நேர் எதிராகப் போய்விடுவார்கள்.

வாரக்கணக்கில் மிஸ்ட் மூடிக் கிடக்கும் ஊர் எங்களுடையது. சோலாரை நம்பி சைரன் வைக்கலாமா? – நுவரெலியா வாசகர்

வைக்கலாம், ஆனால் கணக்கை வேறு பக்கத்திலிருந்து போட வேண்டும். 400 வாட்ஸ் டிரைவர் நான்கு உள்ள சைரன் என்று வைத்துக்கொள்வோம். 24 வோல்ட் பேட்டரியிலிருந்து 70 ஆம்பியர் இழுக்கும், கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் 3 நிமிடம் அடித்தால் மொத்தமாகப் போவது மூன்றரை ஆம்பியர்-மணி மட்டும். பேட்டரியை உண்மையில் தின்பது, எப்போது கட்டளை வரும் என்று இரவும் பகலும் காத்திருக்கும் ரேடியோவும் கட்டுப்பாட்டுப் பலகையும்தான். அவை அரை ஆம்பியர் எடுத்தால் நாளுக்கு 12, ஒரு வாரத்துக்கு 84. 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வார மூடலில் ஏறக்குறைய காலி, அதுவும் சரியாக மழை வலுக்கும் வாரத்தில். ஆகவே விற்பவரிடம் "எத்தனை நிமிடம் அடிக்கும்" என்று கேட்காதீர்கள், "வெயிலே இல்லாமல் எத்தனை நாள் காத்திருந்து, அதற்குப் பிறகும் அடிக்கும்" என்று கேளுங்கள்.

இடிக்கு நல்ல எர்த்தும், மின்பாய்ச்சலைத் தடுக்கும் உறுப்பும் அவசியம். மலை மேட்டில் நிற்கும் இரும்புக் கம்பத்தை ஐப்பசி, கார்த்திகை இடி சும்மா விடாது.

அப்புறம் குளவி. இதைச் சிரிப்பாக எடுக்காதீர்கள். நல்ல சைரன்களில் சத்தமில்லாத சோதனை என்று ஒன்று உண்டு, காதுக்கு எட்டாத மிக உயர்ந்த சுருதியை அனுப்பி, ஒவ்வொரு டிரைவரிலும் கரண்ட் ஓடுகிறதா என்று தானாகவே பார்த்துக்கொள்ளும். சுருள் அறுந்திருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் நான் ஏறிப் பார்த்த ஒரு கம்பத்தில், நான்கு புனலில் இரண்டின் தொண்டை மண்கூட்டால் அடைத்துக் கிடந்தது, குச்சியால் குத்தினால் காய்ந்த களிமண்ணாக உதிர்ந்தது. கீழே பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் ஓடியது உண்மைதான், சத்தம்தான் வெளியே வர வழியில்லை. புனல் வாய்க்கு வலை போடுங்கள், மாதத்துக்கு ஒரு தடவையாவது நிஜமாகவே அடித்துப் பாருங்கள்.

சைரனில் தமிழிலேயே அறிவிப்பு கொடுக்க முடியுமாமே? – பண்டாரவளை வாசகி

முடியும், எலக்ட்ரானிக் சைரனின் பெரிய பலமே அதுதான். ஆனால் பேச்சு, ஊளைச் சத்தம் போகும் தூரத்துக்குப் போகாது. க, ச, த, ப என்று எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிகள் உயர்ந்த சுருதியில் இருப்பதால் முதலில் தொலைவது அவைதான், இழுப்பு மட்டும் மிஞ்சும். எதிரொலி வேறு. சத்தம் விநாடிக்கு 340 மீட்டர் போகிறது, எதிர்மலை 340 மீட்டர் தள்ளியிருந்தால் நீங்கள் சொன்ன சொல் 2 விநாடி கழித்துத் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழும். "பொதுமக்கள் அனைவரும் உடனடியாகப் பாதுகாப்பான இடங்களுக்கு" என்று நீட்டினால் ஒரு கூழ்தான் கேட்கும். "மண்சரிவு." இடைவெளி. "கோயிலுக்குப் போங்க." இடைவெளி. பிறகு அதையே சிங்களத்தில். நன்றாக இடைவெளி விட்டு, உங்கள் ஊரில் பேசுகிற மாதிரியே பதிவு செய்யுங்கள். முதலில் ஊளை, பிறகு பேச்சு, மறுபடி ஊளை.

மீரியபெத்தையில் சைரன் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா? எங்கள் ஊரில் சைரனை யார் அமுக்க வேண்டும்? – கொஸ்லாந்தை வாசகர்

2014 அக்டோபர் 29 காலையில் நடந்த மண்சரிவில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான இடம் என்று வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. அங்கே முதலில் தேவைப்பட்டது வேறு இடத்தில் வீடு. சைரன் அதற்கு மாற்றாக முடியாது, உங்கள் தோட்டத்திலும் யாராவது அப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

யார் அமுக்குவது என்பதற்கு: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் முதல் நிலை, 100 என்றால் இரண்டாவது, 150 அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 என்றால் வெளியேற வேண்டும். அறிவிப்பு வர போன் கோபுரம் உயிரோடு இருக்க வேண்டும், அது விழுந்துவிட்டால் உங்கள் மழைமானிதான் கதி. நேரான சுவருள்ள ஒரு டின்னும் அடிமட்டமும் இருந்தால் போதும், திறந்த வெளியில் வைத்து ஒருவர் மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதட்டும். ஊற்று திடீரென்று கலங்கினாலோ, நின்றுபோனாலோ, நிலத்தில் வெடிப்பு விட்டாலோ, மரம் சாய்ந்தாலோ எந்த நிலைக்கும் காத்திருக்க வேண்டாம், உடனே அமுக்குங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் சொல்லுங்கள். பொத்தானின் சாவி பூட்டிய ஆபீஸில் இருக்கக்கூடாது. மேல் கணக்கில் இரண்டு பேர், பணியக் கணக்கில் இரண்டு பேர் என்று லயத்திலேயே படுக்கிறவர்களிடம் இருக்க வேண்டும்.

சோதனை நாளில் மழை பெய்தால் தள்ளிப் போடாதீர்கள், அன்றைக்குத்தான் அடிக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்களிடம் வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். கேட்கவில்லை என்று சொன்ன காம்பராக்களின் இலக்கத்தையும், அந்த ராத்திரியில் அந்தக் கதவைத் தட்டப் போகிற பிள்ளையின் பெயரையும் எழுதிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள்.